‘பின்னர் நடிகரானார்’ என்ற ஒரு வரி போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் சில நாட்களுக்கு முன் வெளியான கிரிக்கெட் துணுக்குகளில், சி. ஆப்ரி ஸ்மித்தைப் பற்றிய நான்கு வரிக் குறிப்பு ஒன்றைப் படித்தேன். இங்கிலாந்துக்காக ஒரே ஒரு டெஸ்டில் ஆடியவர், அந்த ஒன்றிலும் அணித்தலைவராகவே ஆடியவர், முதல் இன்னிங்ஸில் 19 ரன்களுக்கு 5 விக்கெட் எடுத்தவர் என்ற விவரங்களைச் சொல்லிவிட்டு, ‘பின்னர் இவர் நடிகரானார்’ என்று அந்தக் குறிப்பு முடிந்திருந்தது. சொன்னவற்றில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கடைசி வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. 1895-இல் லண்டன் மேடையில் ஏறிய அந்த மனிதர் 1948 டிசம்பரில் இறக்கும் ஆண்டுவரை நடித்துக்கொண்டே இருந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலான உழைப்பை ‘பின்னர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மடித்து வைத்துவிட்டு, இரண்டே நாளில் முடிந்துபோன ஒரு பந்தயத்துக்கு மூன்று வரி ஒதுக்கினால், அவருடைய வாழ்க்கை தலைகீழாக நின்றுவிடுகிறது. விளையாட்டுப் பக்கத்தில் விளையாட்டைத்தானே எழுத முடியும் என்று தாங்கள் கேட்கலாம், அது நியாயம்தான். அதனால் அந்தக் குறிப்பைக் குறைகூறும் எண்ணம் எனக்கு இல்லை. அது நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்து சொல்ல வேண்டும் என்ற ஆசையினால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

கிரிக்கெட்டை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1863 ஜூலை 21 அன்று லண்டனில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்த ஸ்மித், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கும் சசெக்ஸ் கவுன்டிக்கும் வேகப்பந்து வீச்சாளராக ஆடினார். அவர் பந்துவீச ஓடிவரும் பாதை நேராக இராது. மிட்-ஆஃப் பக்கத்திலிருந்து கிளம்பி, வளைந்து வந்து, நடுவருக்குப் பின்னாலிருந்து திடீரென்று தோன்றுவார் என்பதால் ‘மூலை திரும்பி வரும் ஸ்மித்’ என்ற பொருளில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. 1889 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத்தில் அவர் தலைமையில் ஆடி இங்கிலாந்து எட்டு விக்கெட் வித்தியாசத்தில் வென்ற பந்தயம், பிற்காலத்தில்தான் டெஸ்ட் என்ற தகுதியைப் பெற்றது. ஆடியபோது அவருக்கே அது தெரியாது. சுற்றுப்பயணம் முடிந்ததும் ஊர் திரும்பாமல், தங்கச் சுரங்கங்களால் கொழித்துக்கொண்டிருந்த ஜோகன்னஸ்பர்க்கில் பங்குத் தரகராகத் தங்கிவிட்டார். அங்கே நுரையீரல் அழற்சி கண்டு, இறந்துவிட்டார் என்றே மருத்துவர்கள் தவறாக முடிவு கட்டும் அளவுக்குப் போய்ப் பிழைத்தார். இங்கிலாந்துக்குத் திரும்பி, முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் அவர் தொழில்முறை நாடகத்துக்கு வந்தார். தரகுத் தொழிலை விட்டுவிட்டு மேடைக்கு வருவது அன்றைய நடுத்தர வர்க்கக் குடும்பத்தில் எளிதாக ஏற்றுக்கொள்ளக் கூடிய காரியமாக இருந்திருக்காது. ஆனால் அந்த வீட்டில் அவர் ஒருவர் மட்டும் நடிக்க வரவில்லை. அவருடைய தங்கையும் பெரில் ஃபேபர் என்ற பெயரில் மேடை நடிகையாக இருந்தார்.

பேசும்படத்துக்கு வருவதற்கு முன்பான அந்த முப்பத்தைந்து ஆண்டு மேடை வாழ்க்கையைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது. 1896-இல் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் அரங்கில் ‘தி பிரிசனர் ஆஃப் ஸெண்டா’ நாடகத்தில் நடித்தார். அட்லாண்டிக்கைப் பலமுறை கடந்து நியூயார்க் பிராட்வேயிலும் நடித்தார். பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ மீண்டும் மேடையேறியபோது பேராசிரியர் ஹிக்கின்ஸாக, அதாவது கதாநாயகனாகவே வந்தார். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. திரையில் நாம் பார்த்த அந்த நரைத்த மீசைக்காரரை, பிறக்கும்போதே கிழவராகப் பிறந்து, ராணுவச் சீருடையை மாட்டிக்கொண்டு, தானாக இருந்தாலே போதும் என்று கேமரா முன் வந்து நின்றவர் என்று நினைத்துவிடுகிறோம். அது தவறு. இரவுக்கு இரவு, ஒலிபெருக்கி இல்லாத அரங்கின் கடைசி வரிசைக்கும் சொல் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும் என்ற கட்டாயத்தில் பழகிய குரல் அது. எதிரே இருப்பவர் பேசும்போது அசையாமல் நின்று கேட்கத் தெரிந்த உடல் அது. மௌனப்படங்களிலும் 1915 முதலே அவர் தலைகாட்டினார். 1920-இல் லெஸ்லி ஹோவர்டும் ஏட்ரியன் புருனலும் தொடங்கிய மினர்வா நிறுவனத்துக்காக ஏ. ஏ. மில்ன் எழுதிய ‘தி பம்ப்’ என்ற சிறு நகைச்சுவைப் படத்திலும் நடித்தார். ஆனாலும் குரலே செல்வமாக இருந்த ஒருவரிடமிருந்து குரலைக் கழித்துவிட்டால் மௌனப்படத்துக்கு என்ன மிஞ்சும்?

பேசும்படம் வந்தது, அவருக்கு வழி திறந்தது. 1927-க்குப் பிறகு ஒலிவாங்கிக்கு முன் உச்சரிப்புச் சுத்தமாகப் பேசக்கூடியவர்களைத் தேடி ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் நாடக மேடைகளை நோக்கி ஓடின. பிரிட்டன் ஹாலிவுட்டின் மிகப் பெரிய வெளிநாட்டுச் சந்தை. அங்கே ஓட வேண்டிய படங்களில் பிரபுவாகவும் நீதிபதியாகவும் வருகிறவர் அந்த ஊர் ஆங்கிலம் பேசினால்தான் எடுபடும். 1928-இல் பிராட்வேயில் ‘தி பேச்சிலர் ஃபாதர்’ நாடகத்தில் ஸ்மித் ஏற்ற சர் பேசில் வேடத்தையே, எம்.ஜி.எம். 1931-இல் அதைப் படமாக்கியபோது மேரியன் டேவிஸுடன் மீண்டும் ஏற்றார். அப்போது அவருக்கு வயது 67. நம்மில் பலர் பணி ஓய்வு பெற்று ஏழெட்டு ஆண்டுகள் ஆகியிருக்கும் வயதில் ஒருவர் புதிய ஊருக்கு வந்து, புதிய கலையைக் கற்று, அடுத்த பதினேழு ஆண்டுகள் அதில் நிலைத்து நின்றார் என்பது, அந்த 5 விக்கெட்டைவிடப் பெரிய சாதனை என்று நான் மனமார நம்புகிறேன்.

‘குணச்சித்திர நடிகர்’ என்று தமிழில் சொல்கிறோமே, அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். கதாநாயகனுக்குப் படம் முழுதும் நேரம் இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் மெல்ல மெல்லத் தன்னை விளங்க வைக்கலாம். குணச்சித்திர நடிகருக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம், பத்து நிமிடம். கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்கும் அந்தக் கணத்திலேயே இவர் யார், எந்தக் குடும்பம், எதற்குக் கோபப்படுவார், எதைப் பொறுத்துக்கொள்வார் என்பது பார்ப்பவருக்குத் தெரிந்துவிட வேண்டும். அந்தச் சுருக்கத்தில் ஒரு குணத்தைச் சித்திரமாக எழுதிக் காட்டுவதுதான் அவருடைய தொழில். ஸ்மித்தின் உயரமும் அடர்ந்த புருவமும் முன்னே துருத்திய தாடையும் அந்த முதல் கணத்துக்கு உதவின என்பது உண்மை. ஆனால் உருவம் உதவுவது அந்த முதல் கணத்துக்கு மட்டுமே. அதற்குப் பிறகு நடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்குச் சாட்சியாக 1932-ஆம் ஆண்டில் வெளிவந்த படங்களையே எடுத்துக்கொள்ளலாம். ‘டார்சான் தி ஏப் மேன்’ படத்தில் ஜேனின் தந்தையாக வந்து, யானைகளின் இடுகாட்டில் உயிர்விடுகிறார். அது வழக்கமான வேடம்தான், விட்டுவிடலாம். ரூபன் மமூலியன் இயக்கிய ‘லவ் மீ டுநைட்’ படத்தில் அவர் பழைமை பேணும் கண்டிப்பான பிரபு. பாரிஸிலிருந்து வந்த விருந்தாளி முந்தின நாள் பாடிய ‘மீமி’ என்ற குறும்புப் பாட்டு, மறுநாள் காலையில் அந்தக் கோட்டையில் உள்ள ஒவ்வொருவர் வாயிலும் தொற்றிக்கொள்கிறது. அந்த வரிசையில் தூக்கம் கலைந்த உற்சாகத்தோடு ஸ்மித்தும் பாடுகிறார். நான் இதை முதன்முதலில் ஒரு திரைப்படச் சங்கத் திரையிடலில் பார்த்தேன். திரை கட்டியிருந்த சுவரில் காரை பெயர்ந்திருந்தது. ஒலி பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. ஆனாலும் அந்த விறைப்பான கிழவர் இரவு உடையில் பாடத் தொடங்கியதும் அரங்கம் முழுவதும் மலர்ந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. அவர் கோமாளித்தனம் எதுவும் செய்யவில்லை என்பதுதான் அதில் சிறப்பு. பிரபுவின் கம்பீரத்தைக் கொஞ்சமும் தளர்த்தாமல், அந்தக் கம்பீரத்தோடேயே பாடுகிறார். அதே பிரபு, தன் வீட்டில் தங்கியிருக்கும் விருந்தாளி ஒரு தையற்காரர்தான் என்று தெரிந்ததும் வெகுண்டு எழுகிறார். அந்த வெறுப்பும் பாட்டாகவே வருகிறது. காலையில் பாடிய வாய்க்கும் பின்னர் ஏசிய வாய்க்கும் நடுவே அந்த வர்க்கத்தின் குணம் முழுவதும் தெரிந்துவிடுகிறது.

இயக்குநர் எர்ன்ஸ்ட் லூபிட்ச் இதைவிட ஒரு படி மேலே போனார். அதே ஆண்டு வந்த ‘ட்ரபிள் இன் பாரடைஸ்’ படத்தில் வாசனைத் திரவிய நிறுவனம் ஒன்றின் நிர்வாகக் குழுத் தலைவர் ஜிரோன் என்ற வேடத்தை ஸ்மித்துக்குக் கொடுத்தார். படத்தின் தொடக்கத்திலேயே ஒரு கூட்டம். உலகெங்கும் பொருளாதார மந்தம். இறந்துபோன முதலாளி இப்போது உயிரோடு இருந்தால் ஊழியர்களின் சம்பளத்தைத்தான் முதலில் குறைப்பார் என்று, விதவையான இளம் முதலாளியம்மாவிடம் ஜிரோன் எடுத்துரைக்கிறார். அந்தக் குரலில் எவ்வளவு பொறுப்பு, எவ்வளவு விசுவாசம்! நாற்பது ஆண்டுகள் அந்தக் குடும்பத்தின் நம்பிக்கைக்கு உரியவராக இருந்த பெரியவர் அல்லவா? கடைசியில்தான் தெரிகிறது, அந்த நிறுவனத்தின் பணத்தை ஆண்டுக்கணக்கில் சுருட்டிக்கொண்டிருந்தவர் அவரே என்று. சாதாரணத் திருடன் ஒருவன் சிறைக்குப் போக, சமூகத்தில் பெரிய மனிதராக இருப்பவர் தப்பித்துக்கொள்கிறார் என்ற கசப்பான உண்மையை அந்த நகைச்சுவைப் படம் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறது. ஸ்மித்தின் முகத்தில் எழுதியிருந்த நாணயத்தையே லூபிட்ச் முகமூடியாக மாற்றினார். ஸ்மித்தும், வேண்டாம், நம் பெயர் கெட்டுவிடும் என்று ஒதுங்காமல், ஒரு கணம்கூடக் கள்ளவிழி காட்டாமல் நடித்துக்கொடுத்தார். ஜிரோன் என்ற அந்த மனிதர் தன்னைத் திருடன் என்று நினைத்துக்கொள்வதே இல்லை என்று நமக்குத் தோன்றும்படி நடித்திருக்கிறார். வில்லன் வேடத்தில் உருட்டி விழிக்கிறவர்கள் பார்த்துப் படிக்க வேண்டிய பாடம் அது.

மறு ஆண்டு வந்த ‘பாம்ஷெல்’ படம் என் வாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. ஜீன் ஹார்லோ ஏற்ற திரைநட்சத்திர வேடம், ஓயாத விளம்பரங்களால் சலித்துப்போய், கண்ணியமான குடும்பம் ஒன்றில் மருமகளாகப் போய்விடலாமா என்று ஏங்குகிறது. பாஸ்டன் நகரத்துப் பழம்பெரும் குடும்பத்துத் தந்தையாக ஸ்மித் வருகிறார். அந்த மிடுக்கு, அந்த ஏளனப் பார்வை எல்லாம் அச்சு அசல். பிறகு பார்த்தால் அந்தக் குடும்பமே பொய். ஸ்டுடியோவின் விளம்பர அதிகாரி கூலிக்கு அமர்த்திய நடிகர்கள் அவர்கள்! பிரபுவாக நடிக்கும் நடிகராக நடிக்கிறார் ஸ்மித். தன் தொழிலின் சூட்சுமத்தைத் தானே அவிழ்த்துக் காட்டிய அந்த நடிகரையா நாம் ‘இயல்பாகவே அப்படிப்பட்டவர்’ என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம்?

அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அவர் ஏற்ற வேடங்களை நினைத்தால் மூச்சு முட்டுகிறது. ‘குயின் கிறிஸ்டினா’ படத்தில் கிரேட்டா கார்போவின் அரசிக்கு விசுவாசமான பணியாளர், ‘மார்னிங் குளோரி’யில் புதிதாக வந்த பெண்ணுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுக்கும் வயோதிக நடிகர், டெமிலின் ‘கிளியோபாட்ரா’வில் ஈனோபார்பஸ், ‘ஹவுஸ் ஆஃப் ராத்ஸ்சைல்ட்’ படத்தில் வெலிங்டன் பிரபு. ‘மார்னிங் குளோரி’ கேதரின் ஹெப்பர்னுக்கு முதல் ஆஸ்கரை வாங்கித் தந்த படம். அதில் ஹெப்பர்ன் பொரிந்து தள்ளும் வசனங்களைக் குறுக்கிடாமல், பொறுமையாக, ஒரு தாத்தாவின் கனிவோடு கேட்டுக்கொண்டிருக்கும் ஸ்மித்தைக் கவனித்துப் பாருங்கள். அவர் அப்படிக் கேட்பதனால்தான் அந்தப் பெண்ணின் பேச்சை நாமும் கேட்கிறோம். விருது பேசியவருக்குப் போயிற்று, அதில் தவறில்லை. கேட்டவருக்கு ஒரு நன்றி போயிருக்கலாம்.

இனி நான் எழுதப்போவது, இந்தியராகிய நமக்குச் சிறிது சங்கடம் தரும் பகுதி. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் நேர்மையாக இராது. 1935-இல் வந்த ‘தி லைவ்ஸ் ஆஃப் எ பெங்கால் லான்சர்’ படத்தில் ஸ்மித் மேஜர் ஹாமில்டனாக வருகிறார். வடமேற்கு எல்லைப்புறம் என்று காட்டப்படும் மலைகள் பெரும்பாலும் கலிஃபோர்னியாவின் லோன் பைன் பகுதி மலைகள். தலைமுறை தலைமுறையாக ஒரு கைப்பிடி ஆங்கிலேயர் முப்பது கோடி மக்களின் வாழ்க்கையை நடத்தி வருகிறார்களே, அது கடமையே உயிராக நினைக்கும் இத்தகைய அதிகாரிகளால்தான் என்ற பொருளில், இளைய அதிகாரிகளுக்கு அவர் ஓர் உரை நிகழ்த்துகிறார். அந்த முப்பது கோடியில் என் தாத்தாவும் பாட்டியும் அடக்கம். அந்தக் காட்சியை முதல்முறை பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது, இன்றும் வருகிறது. அதே ஆண்டு வந்த ‘கிளைவ் ஆஃப் இந்தியா’ படத்தில் அவர் பிரிட்டனின் பிரதமர். சென்னைக்குக் கம்பெனி எழுத்தராக வந்து, புனித ஜார்ஜ் கோட்டை மாதாகோயிலில் திருமணம் செய்துகொண்ட அதே ராபர்ட் கிளைவைத்தான் அந்தப் படம் வீரராகக் காட்டுகிறது. 1937-இல் ஷெர்லி டெம்பிளோடு ‘வீ வில்லி விங்கி’. அதிலும் எல்லைப்புறக் கர்னல். இதுபோன்ற சாம்ராஜ்யப் படங்களை அன்றைய இந்தியர்கள் வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்கவும் இல்லை. 1938-இல் ‘தி டிரம்’ என்ற பிரிட்டிஷ் படத்துக்குப் பம்பாயில் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஸ்மித் அந்தப் படத்தில் இல்லை என்றாலும், அதே வகைப் படங்களின் முகமாக அவர் இருந்தார் என்பதை மறுக்க முடியாது.

அப்படியானால் அவரை ஒதுக்கிவிட வேண்டியதுதானே என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். நான் அப்படி நினைக்கவில்லை. சாம்ராஜ்யம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்ட கதை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தது, எந்தக் குரலில் அது சொல்லப்பட்டது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் குரல் கொடூரமாக இருந்திருந்தால் உலகம் நம்பியிருக்காது. தாத்தாவின் குரலாக, நியாயவானின் குரலாக இருந்ததால்தான் நம்பியது. ஹாமில்டனின் உரையைக் கேட்ட கையோடு ஜிரோனின் கூட்டத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று நான் சொல்வேன். அதே முகம், அதே குரல், அதே கம்பீரம். மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, இந்த முகத்தை நம்பி கல்லாவை ஒப்படைக்காதீர்கள் என்று லூபிட்ச் காட்டிவிட்டார்.

சாம்ராஜ்யப் படங்களிலேயே ‘தி ஃபோர் ஃபெதர்ஸ்’ சற்று வேறுபட்டது. 1939-இல் கோர்டா சகோதரர்கள் எடுத்த பிரிட்டிஷ் வண்ணப்படம் அது. அதில் ஜெனரல் பரோஸ் என்ற ஓய்வுபெற்ற தளபதியாக ஸ்மித் வருகிறார். இரவு உணவு முடிந்ததும் மேசை மேலுள்ள அக்ரூட் பருப்புகளை வரிசையாக வைத்து, இவை ரஷ்ய பீரங்கிகள் என்பார். சிவப்பு ஒயினால் ஒரு கோடு இழுத்து, இது நம் காலாட்படை என்பார். ஒரு பழத்தை எடுத்து வைத்து, இது நான் என்பார். கிரிமியப் போரின் பாலக்ளாவா களம் இப்படி மேசை விரிப்பின்மேல் ஆயிரமாவது முறையாக உருவாகும். கேட்டுக்கொண்டிருக்கும் பதினைந்து வயதுப் பையன் பயந்து வெளிறுகிறான். கோழை என்று பெயர் வாங்கிவிடுவோமோ என்ற அந்தப் பயம்தான் மீதிப் படம் முழுவதையும் நடத்துகிறது. ஸ்மித்தின் விரல்களை அங்கே பார்க்க வேண்டும். அக்ரூட்டை வைக்கும் விரலில் ஒரு தளபதியின் துல்லியம். கண்ணில் பொம்மை கிடைத்த குழந்தையின் களிப்பு. படத்தின் முடிவில் மறுபடியும் அதே மேசை, அதே பருப்பு. இந்த முறை, வளர்ந்து மருமகனாகிவிட்ட அந்தப் பையனே குறுக்கிட்டு, அன்று படையை முன்னேறச் செய்தது உங்கள் வீரம் அன்று, மிரண்டு ஓடிய உங்கள் குதிரைதான் என்ற உண்மையைச் சபையில் போட்டு உடைக்கிறான். கேட்டு நிற்கும் ஸ்மித்தின் முகம் மெல்ல இறங்குவதைப் பாருங்கள். வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்த கதையை இனிமேல் சொல்ல முடியாது என்று உணரும் ஒரு கிழவரின் முகம் அது.

1937-இல் வந்த ‘தி பிரிசனர் ஆஃப் ஸெண்டா’வைச் சொல்லாமல் நகர முடியாது. உருவ ஒற்றுமை கொண்ட அரசனும் அந்நியனும் இடம் மாறும் கதை. 1958-இல் எம்.ஜி.ஆர். எடுத்த ‘நாடோடி மன்னன்’ இந்தக் கதையையும் வேராகக் கொண்டது என்பதால் நம் வாசகர்களுக்கு இது அந்நியமானதன்று. மேடையில் இதில் நடித்து நாற்பத்தோரு ஆண்டுகள் கழித்து, திரையில் கர்னல் ஸாப்ட்டாக ஸ்மித் வந்தார். ரொனால்டு கோல்மன் இரட்டை வேடம் ஏற்ற படம்தான். ஆனால் முடிசூட்டு விழாவுக்கு அந்நியனை அரசனாக அமர்த்தும் துணிச்சலான யோசனையும், அது வெளிப்பட்டுவிடாமல் காக்கும் கவலையும் ஸாப்ட்டின் தோளில்தான் இருக்கின்றன. கோல்மன் வாள் வீசும்போது நாம் கோல்மனைப் பார்க்கிறோம். ஸாப்ட்டின் முகத்தைப் பார்த்துத்தான் ஆபத்து எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறோம்.

கிரிக்கெட் அவரை விட்டுப் போகவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 1932-இல் அவர் ஹாலிவுட் கிரிக்கெட் சங்கத்தைத் தொடங்கினார். கிரிஃபித் பூங்காவில் ஆடுகளம் அமைக்க இங்கிலாந்திலிருந்து புல்விதை வந்தது. போரிஸ் கார்லோஃப், டேவிட் நிவன், நைஜல் புரூஸ் போன்றோர் அங்கே ஆடினார்கள். எழுத்தாளர் வுட்ஹவுஸும் தொடக்கக் காலத்தில் அதில் பங்கு கொண்டார். ஸ்மித் தம் வீட்டுக்குத் தம் பட்டப்பெயரிலிருந்தே பெயர் வைத்து, கூரைமேல் காற்றுத் திசைகாட்டியாக ஸ்டம்புகளையும் மட்டையையும் பந்தையும் நிறுத்தினார். பலரும் இந்தச் செய்திகளோடு, அவர் கேட்சைக் கோட்டைவிட்டுவிட்டுப் பணியாளரிடம் மூக்குக்கண்ணாடி கேட்ட கதையையும் சேர்த்துச் சொல்லிச் சிரித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமே. வீட்டை விட்டு ஐயாயிரம் மைலுக்கு மேல் தள்ளி, எழுபது வயதை நெருங்கியவர் வெயிலில் வெள்ளை உடையோடு வலைப்பயிற்சிக்கு வந்து நின்றார். வந்து இறங்கும் இளம் பிரிட்டிஷ் நடிகர்களுக்கு அந்த மைதானம், வேலை இல்லாத வாரங்களிலும் தங்களை அறிந்தவர்கள் இருக்கும் இடமாக இருந்தது. ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த வேளை என்ன என்று தெரியாத தொழில் அது. மைதானத்தின் நடுவே நின்ற அந்தப் பெரியவருக்கும் அதே தொழில்தான்.

நாற்பதுகளில் வேடங்கள் சிறியவையாயின; அவர் குறையவில்லை. ஹிட்ச்காக்கின் ‘ரெபெக்கா’வில் மரண வழக்கில் வரும் காவல்துறை அதிகாரி கர்னல் ஜூலியன், ‘வாட்டர்லூ பிரிட்ஜ்’ படத்தில், விருந்தில் எல்லோரும் சந்தேகத்தோடு பார்க்கும் விவியன் லீயைத் தாமே அழைத்துச் சென்று நடனமாடி, அந்தப் பெண்ணை யாரும் ஒரு சொல் சொல்லாமல் செய்துவிடும் பிரபு. 1944-இல் அவருக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது. பட்டத்துக்காக அவர் ஓய்வெடுத்துக்கொள்ளவும் இல்லை.

1948 டிசம்பர் 20 அன்று, பெவர்லி ஹில்ஸில் உள்ள தம் இல்லத்தில் தமது 85-ஆவது வயதில் அவர் காலமானார். காரணம் நிமோனியா, இளமையில் ஜோகன்னஸ்பர்க்கில் அவரைக் கொண்டுபோகப் பார்த்த அதே நோய். அவருடைய விருப்பப்படி அஸ்தி இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டு, சசெக்ஸின் ஹோவ் நகரில் தாயின் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய ஹாலிவுட் நாயகர்களையும் நாயகிகளையும் பற்றி அவ்வப்போது கட்டுரைகள் வருகின்றன. ஆர்வத்தோடு படித்து வருகிறேன். அவற்றின் நடுவே இந்தக் குணச்சித்திர நடிகர்களுக்கும் ஓர் இடம் கொடுங்கள். எட்மண்ட் க்வென், கிளாட் ரெயின்ஸ், டொனால்டு கிரிஸ்ப், எரிக் புளோர் என்று எழுதுவதற்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். எழுதும்போது அவர்களுடைய வேடிக்கைக் கதைகளோடு நிறுத்திவிடாமல், ஏதேனும் ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, அதில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று நின்று நிதானமாகச் சொல்லுங்கள்.

ஸ்மித்துக்கு எந்தக் காட்சியைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், அவர் இறந்த பிறகு 1949-இல் திரைக்கு வந்த ‘லிட்டில் விமன்’ படத்தைச் சொல்வேன். பக்கத்து வீட்டுச் செல்வந்தர் லாரன்ஸ் தம் வீட்டுப் பியானோவை நோயாளிச் சிறுமி பெத்துக்குக் கொடுத்துவிடுகிறார். யாரிடமும் பேசவே கூச்சப்படும் அந்தக் குழந்தை, நன்றி சொல்வதற்காகத் தனியாக அந்தப் பெரிய வீட்டுக்குப் போய் அவர் முன் நிற்கிறது. குழந்தையாக நடித்தவர் மார்கரெட் ஓப்ரையன். ஸ்மித் அதிகம் பேசுவதில்லை. அந்தக் குழந்தை சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.